பழைய கன்சோல் கேம்களைக் கணினியில் ஆட எந்த எமுலேட்டர்? புதியவர்களுக்கான வழிகாட்டி

"நல்ல எமுலேட்டர் எது?" என்று தேடினால் பத்துப் பெயர்கள் கிடைக்கும். அதில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லாதவை. முதலில் கேட்க வேண்டியது வேறு: எந்தக் கன்சோல், அதில் எந்த கேம்கள்? ஒவ்வொரு கன்சோலும் தனித்தனி வன்பொருள். சூப்பர் நின்டெண்டோவை அச்சு அசலாகக் கொண்டுவரும் மென்பொருளால் பிளேஸ்டேஷன் டிஸ்க்கைத் திறக்கக்கூட முடியாமல் போகலாம். ஆகவே ஒரு தாளை எடுத்து, கன்சோலின் பெயரையும் நீங்கள் நிஜமாகவே ஆடப்போகும் மூன்று நான்கு கேம்களையும் எழுதிக்கொள்ளுங்கள். கீழே வரும் முடிவுகளையெல்லாம் அந்தத் தாளைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் கணினி எதைத் தாங்கும்

எமுலேட்டர் என்பது இன்னொரு இயந்திரத்தின் பிராசஸர், படச் சிப், ஒலிச் சிப் அத்தனையையும் மென்பொருளால் ஓட்டிக் காட்டுவது. அதற்கு அசல் கன்சோலைவிடப் பல மடங்கு வேகமான கணினி வேண்டும். 1983இல் வந்த ஃபேமிகாமின் பிராசஸர் 1.79 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 1994இன் முதல் பிளேஸ்டேஷன் 33.87 மெகாஹெர்ட்ஸ், 1996இன் நின்டெண்டோ 64 93.75 மெகாஹெர்ட்ஸ். 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2 ஏறத்தாழ 295 மெகாஹெர்ட்ஸ்; அதோடு இரண்டு வெக்டர் யூனிட்களும் கிராஃபிக்ஸ் சிப்பும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. அவற்றை ஒன்றோடொன்று நேரம் தவறாமல் ஓட்டுவதுதான் எமுலேட்டருக்குப் பெரிய சுமை.

ஃபேமிகாம், கேம்பாய், மெகா டிரைவ், சூப்பர் நின்டெண்டோ, கேம்பாய் அட்வான்ஸ், முதல் பிளேஸ்டேஷன் ஆகியவற்றுக்குப் பத்து ஆண்டுப் பழைய லேப்டாப்பே போதும், தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. நின்டெண்டோ 64, சேட்டர்ன், டிரீம்காஸ்ட் இவற்றுக்குக் கொஞ்சம் தெம்பான பிராசஸர் வேண்டும். பிளேஸ்டேஷன் 2, கேம்க்யூப், நின்டெண்டோ வீ (Wii) ஆகியவைதான் கணினியைச் சோதிப்பவை. எட்டு கோர், பதினாறு கோர் என்ற எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலான எமுலேட்டர்களின் முக்கிய வேலை ஒன்றிரண்டு கோர்களில்தான் நடக்கிறது. ஒரு கோரின் தனி வேகம் அதிகமுள்ள நான்கு கோர் பிராசஸர், மெதுவான பன்னிரண்டு கோர் பிராசஸரைவிட நன்றாக ஓட்டும்.

லேப்டாப்பில் ஆடினால் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் கவனியுங்கள். பேட்டரியில் ஓடும்போது பிராசஸரின் வேகம் தானாகக் குறையும். கேமின் இசை இழுத்து இழுத்து ஒலித்தால் முதலில் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப் என்றால், விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், அந்த எமுலேட்டருக்கு வலிமையான சிப்பை ஒதுக்குங்கள். பிளேஸ்டேஷன் 2 ஓடவில்லை என்று வரும் புகார்களில் நிறைய இந்த ஒரு செட்டிங்கிலேயே தீர்ந்துவிடும்.

துல்லியமா, வேகமா

எமுலேட்டர்களில் இரண்டு போக்குகள் உண்டு. ஒன்று, அசல் சிப் ஒவ்வொரு சுழற்சியிலும் செய்ததை அப்படியே செய்வது. மற்றொன்று, கேமுக்குக் கிடைக்க வேண்டிய விளைவை மட்டும் குறுக்குவழியில் தந்து வேகம் பெறுவது. குறுக்குவழியில் பெரும்பாலான கேம்கள் ஓடிவிடும். ஓடாத சில கேம்கள்தான் வித்தியாசத்தைக் காட்டும்.

சூப்பர் நின்டெண்டோவின் ஏர் ஸ்டிரைக் பேட்ரோல் கேமில் விமானத்தின் நிழல் தரையில் விழும். குண்டு எங்கே விழும் என்பதை அந்த நிழலை வைத்துத்தான் கணிக்க வேண்டும். திரையின் ஒரு வரி வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போதே படச் சிப்பின் அமைப்பை மாற்றி அந்த நிழலை உருவாக்கியிருக்கிறார்கள். வரிக்கு வரி மட்டும் கணக்கிடும் எமுலேட்டரில் நிழல் காணாமல் போகும். படம் ஓடும், ஒலி வரும், குறி மட்டும் வைக்க முடியாது. ஆட்டக்காரருக்கோ தான்தான் சரியாக ஆடவில்லை என்று தோன்றும். இப்படி சத்தமில்லாமல் வரும் பிழைகள்தான் ஆபத்தானவை.

2டி காலத்துக் கன்சோல்களுக்குத் துல்லியமானதையே எடுங்கள். இன்றைய கணினிக்கு அந்தச் சுமை பெரிதல்ல. 3டி கன்சோல்களில் நூறு சதவீதத் துல்லியம் இன்னும் கனமானது. அங்கே நன்றாகப் பராமரிக்கப்படும் எமுலேட்டரை எடுத்து, அதன் இணக்கப் பட்டியலில் உங்கள் கேமைத் தேடிப் பார்ப்பதே வழி.

எந்தக் கன்சோலுக்கு எது

ஃபேமிகாம் எனப்படும் என்.இ.எஸ்ஸுக்கு மெசென். புதிய மெசென் சூப்பர் நின்டெண்டோ, கேம்பாய், கேம்பாய் அட்வான்ஸ், பிசி எஞ்சின், மாஸ்டர் சிஸ்டம் ஆகியவற்றையும் ஓட்டும். எட்டு பிட், பதினாறு பிட் கேம்கள் மட்டுமே உங்கள் தாளில் இருந்தால், பெரும்பாலும் இந்த ஒன்றோடு வேலை முடிந்துவிடும். மெகா டிரைவ் மட்டும் அதில் இல்லை. அதற்கு பிளாஸ்ட்எம் அல்லது ஏரெஸ்.

சூப்பர் நின்டெண்டோவுக்கு பிஎஸ்நெஸ், மெசென், ஏரெஸ் மூன்றும் துல்லியமானவை. மிகப் பழைய கணினி என்றால் ஸ்னெஸ்9எக்ஸ். இசட்ஸ்னெஸ் என்ற பெயரைப் பலர் இன்னும் சொல்வார்கள். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது உண்மைதான். ஆனால் அதன் கடைசி வெளியீடு 2007இல். ஒலியும் நேரக்கணக்கும் தவறும், பாதுகாப்புக் குறைகளும் திருத்தப்படாமலே கிடக்கின்றன. எடுக்காதீர்கள்.

கேம்பாய் அட்வான்ஸுக்கு எம்ஜிபிஏ. கேம்பாய்க்கும் கேம்பாய் கலருக்கும் அதுவே போதும். துல்லியம் இன்னும் வேண்டுமென்றால் சேம்பாய். பழைய விஷுவல்பாய் அட்வான்ஸை விட்டுவிடச் சொல்வதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. போக்கிமான் ஃபயர்ரெட் 128 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகத்தில் சேமிக்கும் கேம். எமுலேட்டர் அதை 64 கிலோபைட் என்று எடுத்துக்கொண்டால், தொடங்கும்போதே உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு பொருத்தப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும், சேமிக்கவே முடியாது. ரோம், அதாவது கேமின் பிரதிக் கோப்பு, கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு ரோம் தேட ஆரம்பிப்பார்கள். எம்ஜிபிஏ சேமிப்பு வகையைத் தானே கண்டுபிடித்துவிடும்.

முதல் பிளேஸ்டேஷனுக்கு டக்ஸ்டேஷன், பிளேஸ்டேஷன் 2க்கு பிசிஎஸ்எக்ஸ்2, பிஎஸ்பிக்கு பிபிஎஸ்எஸ்பிபி, கேம்க்யூபுக்கும் வீக்கும் டால்ஃபின், டிரீம்காஸ்டுக்கு ஃபிளைகாஸ்ட், நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு மெலன்டிஎஸ். இவற்றில் பெரிய விவாதம் இல்லை. சேட்டர்னில் இரண்டு எஸ்எச்-2 பிராசஸர்கள் ஒன்றாக ஓடும் என்பதால் நீண்ட காலம் அதற்கு நல்ல எமுலேட்டர் அமையவில்லை; மெட்னாஃபென் நம்பகமானது, ஆனால் செட்டிங்ஸ் பெரும்பாலும் எழுத்துக் கோப்பில்தான். நின்டெண்டோ 64க்கு ஏரெஸை முதலில் முயன்று, கணினி திணறினால் மூப்பென்64 அடிப்படையில் அமைந்த ஆர்எம்ஜிக்கு மாறுங்கள்.

ஆர்கேட் கேம்களுக்கான மேம் 1997 முதல் வளர்ந்துவரும் அருமையான திட்டம். ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம். மேமின் பதிப்பு மாறினால் அது எதிர்பார்க்கும் ரோம் தொகுப்பும் மாறக்கூடும். பழைய தொகுப்பைப் புதிய பதிப்பில் போட்டால் கோப்புகள் இல்லை என்ற நீண்ட பட்டியல்தான் வரும். ஒரு கன்சோல் எமுலேட்டரில் கை பழகிய பிறகு வாருங்கள்.

ரெட்ரோஆர்ச் எப்போது

ரெட்ரோஆர்ச் தனி எமுலேட்டர் அல்ல. பல எமுலேட்டர்களைக் கோர் என்ற பெயரில் ஒரே மெனுவுக்குள் ஓட்டும் சட்டகம். ஒரே கண்ட்ரோலர் அமைப்பு, படத்தின் தோற்றத்தை மாற்றும் ஒரே மாதிரியான ஷேடர்கள், தாமதத்தைக் குறைக்கும் ரன்-அஹெட் வசதி என்று அதன் பலன்கள் பெரியவை. டிவியில் இணைத்து, கீபோர்டு இல்லாமல் ஐந்தாறு கன்சோல்களை ஓட்ட நினைப்பவருக்கு அதைவிடச் சிறந்தது இல்லை.

புதியவருக்குச் சிக்கல் எங்கே என்றால், ஒரு செட்டிங் மூன்று இடங்களில் இருக்கும்: எல்லாவற்றுக்கும் பொது, அந்தக் கோருக்கு மட்டும், அந்த கேமுக்கு மட்டும். எது எதை மீறுகிறது என்று தெரியாமல் மாற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் எதை மாற்றினாலும் எதுவும் மாறாது. எங்கள் பரிந்துரை, முதல் கன்சோலைத் தனி எமுலேட்டரில் ஆடுங்கள். மூன்றாவது கன்சோல் சேரும்போது ரெட்ரோஆர்ச்சை யோசியுங்கள். பிளேஸ்டேஷன் 2, கேம்க்யூப் இரண்டையும் அப்போதும் தனி எமுலேட்டரிலேயே விட்டுவிடுங்கள். அவற்றின் கோர்கள் தனிப் பதிப்புக்குப் பின்தங்கியவை.

ரெட்ரோஆர்ச்சில் ஒரு கேம் கருப்புத் திரையோடு நின்றால், முதலில் கோரின் தகவல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அந்தக் கோருக்குத் தேவையான பயாஸ் (கன்சோலுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) கோப்புகளின் பெயர்களும், எது இருக்கிறது எது இல்லை என்பதும் அங்கே இருக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம்கூட லினக்ஸில் கோப்பைக் காணாமல் அடித்துவிடும்.

ரோம், டிஸ்க், பயாஸ்

எமுலேட்டர் மென்பொருள் வேறு, கேமின் பிரதி வேறு. அமெரிக்காவில், பிளேஸ்டேஷன் எமுலேட்டர் தயாரித்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில், எமுலேட்டர் உருவாக்குவதற்காக பயாஸை ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் கேமும் பயாஸும் பதிப்புரிமை உள்ளவை. இணையத்தில் கிடைப்பதாலேயே அவை இலவசம் ஆகிவிடாது. பிரதி எடுப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்களிடம் இருக்கும் கார்ட்ரிட்ஜிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்ப ரீதியாகவும் அதுதான் நல்லது, கோப்பு எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இருக்காது. கையில் எதுவும் இல்லையென்றால், ஆர்வலர்கள் புதிதாக எழுதி இலவசமாக வெளியிடும் ஹோம்பிரூ கேம்கள் எல்லாக் கன்சோல்களுக்கும் இருக்கின்றன. 240பி டெஸ்ட் சூட் என்ற இலவச ரோமையும் எடுத்து வையுங்கள். படத்தின் விளிம்பு வெட்டுப்படுகிறதா, ஒலியும் படமும் சேர்ந்து வருகின்றனவா என்பதையெல்லாம் கேம் தொடங்கும் முன்பே அதில் சோதித்துவிடலாம்.

கார்ட்ரிட்ஜுக்கு யூஎஸ்பியில் செருகும் ரீடர்கள் கிடைக்கின்றன. எடுத்த கோப்பின் சரிபார்ப்பு எண்ணை, சரியான பிரதிகளின் எண்களைத் தொகுத்துவைத்திருக்கும் நோ-இன்ட்ரோ பட்டியலோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் தங்க நிற முனைகளில் அழுக்கு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்தபின் மறுபடி எடுங்கள். பழைய காப்பி இயந்திரங்களில் எடுத்த சூப்பர் நின்டெண்டோ கோப்புகளின் தலையில் 512 பைட் அளவுக்கு உபரித் தகவல் ஒட்டியிருக்கும். கேம் ஓடும், ஆனால் மொழிபெயர்ப்புப் பேட்ச் போட்டால் எழுத்துகள் சிதறும். கோப்பின் அளவை 1024ஆல் வகுத்து 512 மிஞ்சினால் அந்தத் தலைப்பு இருக்கிறது என்று அர்த்தம். நீக்கிவிட்டுப் பேட்ச் போடுங்கள்.

பிளேஸ்டேஷன் டிஸ்க்கில் அதிகம் நடக்கும் தவறு, அதை ஐஎஸ்ஓ கோப்பாக எடுப்பது. சிடியின் ஒரு செக்டரில் மொத்தம் 2352 பைட்கள் இருக்கும். ஐஎஸ்ஓவில் வருவது டேட்டாவின் 2048 பைட்கள் மட்டும்; பாடல்கள் இருக்கும் ஆடியோ டிராக்குகள் வரவே வராது. கேம் ஓடும், இசை இருக்காது. வீடியோக்களும் சில கேம்களில் உடையும். ஆகவே பின் (.bin), கியூ (.cue) என்ற ஜோடிக் கோப்பாக எடுங்கள். கியூ என்பது எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சின்ன எழுத்துக் கோப்பு. அதன் முதல் வரியில் மேற்கோள் குறிகளுக்குள் பின் கோப்பின் பெயர் இருக்கும். பின் கோப்பின் பெயரை நீங்கள் அழகாக மாற்றினால் கியூ பழைய பெயரையே தேடி, கோப்பைத் திறக்க முடியவில்லை என்று சொல்லும். கியூவை நோட்பேடில் திறந்து, மேற்கோளுக்குள் இருக்கும் பெயரைப் புதிய பெயருக்கு மாற்றிச் சேமித்தால் போதும். எமுலேட்டரில் திறக்க வேண்டியதும் கியூவைத்தான், பின் கோப்பை அல்ல.

இடம் குறைவென்றால் இந்த ஜோடியை மேமோடு வரும் சிஎச்டிமேன் கருவியால் ஒற்றை சிஎச்டி கோப்பாகச் சுருக்கலாம். தரவு எதுவும் இழக்கப்படாது. டக்ஸ்டேஷனும் பிசிஎஸ்எக்ஸ்2ம் அதை நேரடியாகவே ஓட்டும்.

பயாஸ் யாருக்கு வேண்டும்? பிளேஸ்டேஷன், பிளேஸ்டேஷன் 2, சேட்டர்ன், சேகா சிடி, ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம் ஆகியவற்றுக்குக் கட்டாயம். ஃபேமிகாம், மெகா டிரைவ் கார்ட்ரிட்ஜ்களுக்குத் தேவையில்லை. டால்ஃபினும் பிபிஎஸ்எஸ்பிபியும் பயாஸ் இல்லாமலே ஓடும், எம்ஜிபிஏவில் விருப்பம்தான். முதல் பிளேஸ்டேஷனின் பயாஸ் கோப்பு சரியாக 524288 பைட் இருக்க வேண்டும். ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் அது வேறு ஏதோ.

முதல் கேம் ஓடும் வரை: டக்ஸ்டேஷனை வைத்து

மற்ற எமுலேட்டர்களிலும் வரிசை ஏறக்குறைய இதேதான்.

1. டவுன்லோடு செய்வது திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ கிட்ஹப் பக்கத்திலிருந்தோ மட்டுமே. பிரபலமான எமுலேட்டர்களின் பெயரில் போலித் தளங்கள் உண்டு. தேடலில் விளம்பரமாக மேலே வரும் இணைப்பைத் தொடாதீர்கள்.

2. டிரைவைத் திறந்ததும் தெரியும் முதல் இடத்திலேயே, வேறு ஃபோல்டருக்குள் போகாமல், ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வேண்டாம். அங்கே எழுத விண்டோஸ் அனுமதிக்காததால் செட்டிங்ஸும் சேவும் நிற்காது. கிளவுடோடு ஒத்திசைக்கப்படும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களும் வேண்டாம். மெமரி கார்டு எழுதப்படும் நேரத்தில் ஒத்திசைவு மென்பொருள் கோப்பைப் பூட்டிவைக்கலாம். ஃபோல்டர் பெயரை ஆங்கில எழுத்துகளில் வையுங்கள், சில பழைய எமுலேட்டர்களுக்கு வேறு எழுத்துகள் புரியாது.

3. ஜிப்பை முழுவதும் அந்த ஃபோல்டருக்குள் விரியுங்கள். ஜிப்புக்குள் இருந்தபடியே இரட்டைக் கிளிக் செய்தால் தற்காலிக இடத்தில் ஓடி, மூடியதும் எல்லாம் மறந்துவிடும்.

4. எமுலேட்டரை முதல் முறை திறப்பதற்கு முன், அதன் ஃபோல்டரிலேயே போர்ட்டபிள் (portable.txt) என்ற பெயரில் காலியான எழுத்துக் கோப்பு ஒன்றைப் போடுங்கள். பெயர் முழுவதும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இருக்கட்டும். இனி சேவ், செட்டிங்ஸ் எல்லாம் இதே ஃபோல்டரில் சேரும். காப்பி எடுக்க ஒரே ஃபோல்டர் போதும். டால்ஃபினிலும் இதே முறைதான்.

5. திறக்கும்போது விசிரன்டைம் அல்லது எம்எஸ்விசிபி என்று தொடங்கும் டிஎல்எல் இல்லை என்று செய்தி வந்தால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளின் 64 பிட் பதிப்பை நிறுவுங்கள். அந்த ஒற்றை டிஎல்எல் கோப்பை வேறு தளங்களிலிருந்து எடுத்துப் போடாதீர்கள்.

6. தொடக்க வழிகாட்டி பயாஸ் ஃபோல்டரையும் கேம் ஃபோல்டரையும் கேட்கும். கேமின் பிராந்தியத்துக்கு ஏற்ற பயாஸ் இருப்பது நல்லது. இரண்டு மூன்று டிஸ்க் உள்ள கேம் என்றால், அவற்றின் கியூ பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதி எம்3யூ கோப்பாகச் சேமியுங்கள். டிஸ்க் மாற்றும்போதும் ஒரே மெமரி கார்டு தொடரும்.

7. கண்ட்ரோலரைச் செருகி, தானியங்கி மேப்பிங்கைக் கொடுங்கள்.

8. எந்த மேம்பாட்டையும் தொடாமல் கேமைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஓடினால் பிறகு ஒன்றொன்றாக மாற்றுங்கள். ஆறு செட்டிங்கை ஒரேயடியாக மாற்றியவருக்கு எது கெடுத்தது என்று தெரியவே தெரியாது.

ஐரோப்பியப் பிளேஸ்டேஷன் டிஸ்க்குகள் சிலவற்றில் லிப்கிரிப்ட் என்ற நகல் தடுப்பு உண்டு. பின், கியூ மட்டும் இருந்தால் கேம் தொடங்கும், பாதி வழியில் உறைந்துவிடும். அதற்கு எஸ்பிஐ என்ற சின்னக் கோப்பு கூடவே இருக்க வேண்டும். டக்ஸ்டேஷன் இதைத் தொடக்கத்திலேயே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைக் கடந்து போகாதீர்கள்.

கண்ட்ரோலர்

முதலில் கேபிளோடு ஆடுங்கள். ப்ளூடூத்தில் சிக்கல் வந்தால் அது எமுலேட்டரால் வந்ததா கண்ட்ரோலரால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

பட்டன்களை எழுத்தை வைத்து மேப் செய்யாதீர்கள், இடத்தை வைத்துச் செய்யுங்கள். நின்டெண்டோவில் ஏ வலப்பக்கம், பி கீழே. எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரில் ஏ கீழே, பி வலப்பக்கம். எழுத்துக்கு எழுத்து பொருத்தினால் ஓடுவதற்கும் குதிப்பதற்குமான பட்டன்கள் இடம் மாறி, கட்டைவிரலை உருட்டி இரண்டையும் சேர்த்து அழுத்தும் பழக்கமே வேலை செய்யாது.

1997இல் டூயல்ஷாக் வருவதற்கு முந்தைய பிளேஸ்டேஷன் கேம்கள் சில அனலாக் கண்ட்ரோலரை அடையாளம் காணாது. எந்தப் பட்டனுக்கும் அசைவு இல்லையென்றால், கண்ட்ரோலர் வகையை டிஜிட்டல் என்று மாற்றுங்கள். ஸ்டிக்கைத் தொடாமலே பாத்திரம் நகர்ந்தால், ஸ்டிக்கின் சின்ன அசைவுகளைப் புறக்கணிக்கும் டெட்ஸோனை 10 சதவீதத்திலிருந்து மெல்ல உயர்த்துங்கள்.

படம், ஒலி, தாமதம்

கேம்பாயின் திரை 160×144 புள்ளிகள். கேம்பாய் அட்வான்ஸ் 240×160. சூப்பர் நின்டெண்டோ பெரும்பாலும் 256×224. இதை 1080 வரிகள் உள்ள மானிட்டர் முழுவதும் இழுத்தால், சில புள்ளிகள் நான்கு வரி உயரமும் சில ஐந்து வரி உயரமும் ஆகும். திரை உருளும்போது படம் நெளிவது அதனால்தான். இன்டிஜர் ஸ்கேலிங் என்ற அமைப்பைப் போடுங்கள்; 224 வரிகள் சரியாக நான்கு மடங்காகி 896 ஆகும். மேலும் கீழும் கருப்புப் பட்டை விழும், அது விழட்டும். டிவியில் ஆடும் கன்சோல்களுக்கு அகலம் 4:3 விகிதத்தில் இருக்கட்டும். 16:9க்கு இழுத்தால் வட்டமெல்லாம் முட்டை ஆகிவிடும்.

பழைய குழாய் டிவியின் தோற்றத்தைத் தரும் சிஆர்டி ஷேடர் வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மெகா டிரைவின் முதல் சோனிக் கேமில் கிரீன் ஹில் அருவியைக் கூர்ந்து பாருங்கள், செங்குத்துக் கோடுகளாக ஒன்றுவிட்டு ஒன்று வரைந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் கன்சோலை டிவியோடு இணைத்த காம்போசிட் கேபிளின் மங்கலில் அவை கலந்து கண்ணாடி போன்ற நீராகத் தெரிந்தன. கூர்மையான மானிட்டரில் கம்பி வேலிதான் தெரியும். அந்தக் கலப்பைத் திருப்பித் தருவது காம்போசிட் வகை ஷேடர். சாதாரண கிராஃபிக்ஸ் சிப் என்றால் இசட்ஃபாஸ்ட் சிஆர்டி போன்ற இலகுவானதை எடுங்கள். சிஆர்டி ராயல் கனமானது.

பிளேஸ்டேஷனின் 3டி படம் நடுங்குவது எமுலேட்டரின் பிழை அல்ல. அதன் கணிப்பான் முக்கோண முனைகளைப் பின்னம் இல்லாத முழு எண்களில் தருவதால் அவை புள்ளிக்குப் புள்ளி தாவும். பரப்புகளின் மேல் ஒட்டப்படும் தளப்படங்களும் (டெக்ஸ்ச்சர்) தொலைவுக்கேற்பத் திருத்தப்படுவதில்லை, ஆகவே தரை வளையும். டக்ஸ்டேஷனில் உள் ரெசல்யூஷனை 5 மடங்காக்கினால் 1080 வரி மானிட்டருக்குப் பொருந்தும். கூடவே பிஜிஎக்ஸ்பி என்ற அமைப்பை இயக்கினால் நடுக்கமும் வளைவும் நிற்கும். சில கேம்களில் பிஜிஎக்ஸ்பியால் சுவர்களுக்கிடையே இடைவெளி தெரியும், அந்த கேமுக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். பிசிஎஸ்எக்ஸ்2லும் டால்ஃபினிலும் 1080க்கு 3 மடங்கு போதும். டால்ஃபினில் புதிய காட்சி வரும்போதெல்லாம் ஒரு கணம் நின்று நகர்ந்தால் அது ஷேடர் தொகுப்பு நடக்கும் நேரம். ஹைப்ரிட் உபர்ஷேடர் என்று மாற்றிப் பாருங்கள்.

ஐரோப்பியப் பதிப்புகள் நொடிக்கு 50 ஃப்ரேம், அமெரிக்க, ஜப்பானியப் பதிப்புகள் 60. அவசரமாக மாற்றப்பட்ட 50 ஃப்ரேம் கேம்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடும், 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் நடையும் தடுக்கும். தேர்வு இருந்தால் 60 ஃப்ரேம் பதிப்பை எடுங்கள்.

பட்டன் அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் இடையே இடைவெளி தெரிந்தால், டிவியின் கேம் மோடை முதலில் இயக்குங்கள். எமுலேட்டரில் எவ்வளவு குறைத்தாலும் டிவியின் படத்திருத்தம் அதைவிட அதிகம் கூட்டிவிடும். ஒரு ஃப்ரேம் என்பது 16.7 மில்லிவிநாடி. ரெட்ரோஆர்ச்சின் ரன்-அஹெட்டை 1 என்று வைத்தால் ஒரு ஃப்ரேம் குறையும். கேம் தனக்குள்ளேயே வைத்திருக்கும் தாமதத்தைத் தாண்டி அந்த எண்ணைக் கூட்டினால் பாத்திரம் துள்ளும்.

ஒலி படபடவென்று வெடித்தால் பெரும்பாலும் கணினி முழு வேகத்தை எட்டவில்லை. வேகம் நூறு சதவீதம் காட்டியும் வெடித்தால் ஆடியோ பஃபரை 64 மில்லிவிநாடி வரை கூட்டிப் பாருங்கள்.

சேவ்: இரண்டு வகை, இரண்டு குணம்

கேமுக்குள் இருக்கும் சேமிப்பு, அதாவது கார்ட்ரிட்ஜ் பேட்டரி அல்லது மெமரி கார்டு, அசல் வன்பொருளின் வடிவத்திலேயே எழுதப்படுகிறது. பல எமுலேட்டர்களுக்கிடையே மாற்றலாம். கேம்பாய் கேமின் சேவ் கோப்பை எம்ஜிபிஏவிலிருந்து ரெட்ரோஆர்ச்சுக்குக் கொண்டுபோக, பெரும்பாலும் கோப்பின் நீட்சியை சாவ் என்பதிலிருந்து எஸ்ஆர்எம் என்று மாற்றினாலே போதும். சேவ் ஸ்டேட் வேறு. அது அந்த நொடியின் முழு நினைவகப் படம், அந்த எமுலேட்டருக்கு மட்டுமே புரியும், சில வேளை அந்தப் பதிப்புக்கு மட்டுமே.

குறுக்குவிசைகளில் கவனம் தேவை. டக்ஸ்டேஷனில் எஃப்2 சேமிக்கும், எஃப்1 மீட்கும். பிசிஎஸ்எக்ஸ்2இல் எஃப்1 சேமிக்கும், எஃப்3 மீட்கும். டால்ஃபினில் எஃப்1 மீட்கும், ஷிஃப்டோடு அழுத்தினால் சேமிக்கும். ரெட்ரோஆர்ச்சில் எஃப்2 சேமிக்கும், எஃப்4 மீட்கும். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் மீட்பதாக நினைத்துச் சேமித்தால், பழைய நிலை மேலெழுதப்பட்டுவிடும். இரண்டு எமுலேட்டர் வைத்திருப்பவர்கள் ஹாட்கீ பக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்றிவிடுங்கள், அதுதான் முதல் நாள் வேலை.

எமுலேட்டரைப் புதுப்பிக்கும் முன் கேமைத் திறந்து, கேமின் சொந்த மெனுவில் ஒரு முறை சேமித்து, முறையாக மூடுங்கள். சில எமுலேட்டர்கள் மூடும்போதுதான் சேவ் கோப்பை டிஸ்க்கில் எழுதும். பிறகு முழு ஃபோல்டரையும் தேதியோடு காப்பி எடுத்து வேறு டிரைவில் வையுங்கள். புதிய பதிப்பில் சேவ் ஸ்டேட்டைத் தொடாமல், மெமரி கார்டிலிருந்து கேமை ஏற்றிப் பாருங்கள். ஏறவில்லையென்றால் காப்பியில் இருக்கும் பழைய பதிப்பையே அந்த கேம் முடியும் வரை பயன்படுத்தலாம். இரண்டு பதிப்புகள் இரண்டு ஃபோல்டர்களில் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்.